மாதிரி வீடியோவை வைத்து கேம்கார்டரின் படத்தரத்தைக் கணிப்பது: எங்கே பார்ப்பது, எதை ஒதுக்குவது?

#1 முக்காலி

இரண்டு கேம்கார்டர்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நேரில் ஓட்டிப் பார்க்க வழியில்லை, மாதிரி கிளிப்புகளை வைத்துத்தான் முடிவு. 'அ' என்பது 1080 50ஐ, ஏவிசிஎச்டி (கேம்கார்டர்களுக்கான பதிவு வடிவம்). மெமரி கார்டிலிருந்து அப்படியே எடுத்த எம்டிஎஸ் கோப்பு என்று போட்டிருக்கிறார்கள். 'ஆ' என்பது 4கே 25பி (வினாடிக்கு 25 முழுப் படங்கள்), யூடியூபில் மட்டும்தான் இருக்கிறது.

'அ'வில் யாராவது கையை வீசினால் விளிம்பில் சீப்புப் பல் போலக் கோடுகள் வருகின்றன. மொத்தப் படமும் சாம்பல் பூசியது போல வெளுத்துத் தெரிகிறது. 'ஆ' பளிச்சென்று இருக்கிறது. ஆனால் புல்தரையில் தனித்தனிப் புல்லே இல்லை, பச்சை பெயின்ட்டைத் தேய்த்துவிட்டது போல இருக்கிறது. இதில் எது கேமராவின் குறை, எது கோப்பின் குறை, எது என் கணினியின் குறை? கிளிப்பில் எந்த இடத்தை உற்றுப் பார்த்தால் தெரியும்?

#2 ஒற்றைஃப்ரேம்

சீப்புப் பல் கேமராவின் குறையே இல்லை. 50ஐ என்றால் ஒவ்வொரு ஃப்ரேமும் இரண்டு ஃபீல்டுகளால் ஆனது. ஒன்றுவிட்டு ஒன்றாகப் பாதி வரிகள் ஒரு கணத்தில் பதிவாகும், மீதிப் பாதி 1/50 வினாடி கழித்து. அதற்குள் கை நகர்ந்துவிடுகிறது. இரண்டையும் ஒரே படமாகப் பின்னிக் காட்டினால் சீப்பு தெரியத்தான் செய்யும். விஎல்சி பிளேயரில் வீடியோ மெனுவுக்குள் டீஇன்டர்லேஸை (ஃபீல்டுகளை முழுப் படங்களாக்கும் வசதி) 'ஆன்' செய்து, முறையை 'யாடிஃப் 2எக்ஸ்' என்று வையுங்கள். வினாடிக்கு 50 முழுப் படங்கள் வரும், அசைவும் தடையில்லாமல் ஓடும். 'பிளெண்ட்' முறையை மட்டும் தொடாதீர்கள். அது இரண்டு ஃபீல்டையும் ஒன்றாகக் குழைத்துவிடும். கூர்மை போகும், அசையும் பொருளுக்குப் பின்னால் நிழல் வரும். 'இந்த கேமரா சாஃப்ட்டாக எடுக்கிறது' என்ற தப்புத் தீர்ப்பு இங்கேதான் பிறக்கிறது.

ஒரு விதிவிலக்கு உண்டு. சில கேனான் மாடல்களில் பிஎஃப்25 என்று ஒரு மோடு இருக்கிறது. 25பி படத்தை 50ஐ உறைக்குள் போட்டு எழுதும். மீடியாஇன்ஃபோ (கோப்பின் விவரங்களைக் காட்டும் மென்பொருள்) 'இன்டர்லேஸ்டு', அதாவது ஃபீல்டுகளாகப் பிரித்தது, என்று காட்டினாலும் இரண்டு ஃபீல்டும் ஒரே கணத்தில் எடுத்தவை. அதற்கு டீஇன்டர்லேஸ் போட்டால் செங்குத்து விவரம் வீணாகக் குறையும். வேகமாக அசையும் ஏதாவது ஒன்றில் நிறுத்தி, டீஇன்டர்லேஸை ஆஃப் செய்து பாருங்கள். சீப்பு வரவில்லையென்றால் அது இந்த ரகம்.

படத்தைப் பார்ப்பதற்கு முன்பே கோப்பை மீடியாஇன்ஃபோவில் திறந்துவிடுங்கள். லைப்ரரி வரியில் எக்ஸ்264 என்று இருந்தால் அது கேமரா எழுதியதல்ல, கணினியில் மறுபடி என்கோடு ஆனது. அப்ளிகேஷன் வரியில் லாவ்ஃப் என்று மட்டும் இருந்தால் உறை மாறியிருக்கிறது. உள்ளே இருக்கும் படம் அசலாகவே இருக்கலாம், பிட்ரேட்டை (வினாடிக்கு எத்தனை மெகாபிட் என்பதை) பார்த்து முடிவு செய்ய வேண்டும். ஏவிசிஎச்டியின் உச்சம் 24 மெகாபிட். 2011-இல் வந்த 2.0 பதிப்பில் 50பி, 60பிக்கு 28 மெகாபிட். சோனியின் எக்ஸ்ஏவிசி எஸ் வடிவத்தில் 4கே என்றால் வழக்கமாக 60 அல்லது 100. உங்கள் 'அ' 5, 6 என்று காட்டினால் ஒன்று மறுஎன்கோடு, இல்லையென்றால் கார்டில் அதிக நேரம் பிடிக்க வேண்டும் என்று எல்பி மோடில் எடுத்தது. இரண்டை வைத்தும் கேமராவைக் குறை சொல்ல முடியாது. அகலம் 1440 என்று வந்தாலும் கவனியுங்கள்: கிடைமட்டத்தில் நாலில் ஒரு பங்கு பிக்சல் பதியும்போதே இல்லை.

#3 வெண்சமன்

சாம்பல் பூசியது போலத் தெரிவது லெவல் பிரச்சினையாக இருக்கலாம். வீடியோவில் கறுப்பு 16-இலும் வெள்ளை 235-இலும் பதிவாகிறது. மானிட்டருக்கு வேண்டியது 0 முதல் 255 வரை. நடுவில் யாராவது ஒருவர், அதாவது பிளேயரோ கிராஃபிக்ஸ் டிரைவரோ, அதை விரிக்க வேண்டும். விரிக்காமல் விட்டால் கறுப்பெல்லாம் அடர்சாம்பலாகும்.

நிறுத்தி வைத்திருக்கும் காருக்கு அடியில் டயரை ஒட்டி விழும் நிழல் மாதிரி, முழுக் கறுப்பாக இருந்தே ஆக வேண்டிய ஓர் இடத்தைப் பிடியுங்கள். ஸ்கிரீன்ஷாட் எடுத்து, கலர் பிக்கரை அதன் மேல் வையுங்கள். மூன்று எண்களும் 16, 17 என்று வந்தால் விரிப்பு நடக்கவில்லை. 0, 1 என்று வந்து, கண்ணுக்கு மட்டும் சாம்பலாகத் தெரிந்தால் கோளாறு எச்டிஎம்ஐ வழியில்: கணினி ஒரு ரேஞ்சில் அனுப்புகிறது, மானிட்டர் வேறு ரேஞ்சை எதிர்பார்க்கிறது. கேமரா இரண்டிலும் நிரபராதி.

மேல் முனையிலும் இதே கதை. வீட்டு உபயோக கேம்கார்டர்கள் பல 235-ஐத் தாண்டியும் எழுதும். பிளேயர் அதற்கு மேலே இருப்பதை வெட்டிவிடும், மேகம் வெறும் வெள்ளைத் தாளாகத் தெரியும். எடிட்டிங் மென்பொருளில் போட்டு ஹைலைட்டைக் கீழே இழுத்துப் பாருங்கள். மேகத்தின் மடிப்புகள் திரும்பி வந்தால் கேமரா அவற்றைப் பிடித்திருக்கிறது என்று அர்த்தம். இழுத்த பிறகும் ஒரே தட்டையான சாம்பல் திட்டு என்றால்தான் அது உண்மையில் எரிந்துபோன இடம்.

எரியும் விதத்திலும் கேமராவுக்கு கேமரா வித்தியாசம் இருக்கிறது. வெயில் படும் நெற்றியைப் பாருங்கள். தோலில் சிவப்புதான் அதிகம் என்பதால் சிவப்புச் சேனல் முதலில் உச்சத்தை முட்டி நின்றுவிடும், பச்சை மட்டும் ஏறிக்கொண்டே போகும். அதனால் வெள்ளைத் திட்டைச் சுற்றி மஞ்சள் வளையம் வரும். நல்ல கேமராவில் அந்த வளையம் இருக்காது, தோல் நிறம் மெல்ல வெளிறி வெள்ளையில் கலக்கும். எந்த எடிட்டிங்காலும் சரிசெய்ய முடியாத குறை என்பதால் முதலில் பார்க்க வேண்டிய இடங்களில் இதுவும் ஒன்று.

நிறத்தை மட்டும் இரண்டு கிளிப்பில் ஒப்பிடாதீர்கள். வேறு வேறு காட்சி, வேறு வெளிச்சம், ஆட்டோ ஒயிட் பேலன்ஸ். ஒப்பிட்டுப் பயனில்லை.

#4 நிழல்பக்கம்

புல்தரைக்கு வருகிறேன். புல் குழைவதற்கு இரண்டு காரணங்கள். ஒன்று, நாய்ஸை, அதாவது படத்தில் மணல் போலத் தெரியும் பிசிறை, வடிகட்டக் கேமராவுக்குள்ளேயே நடக்கும் நாய்ஸ் ரிடக்‌ஷன். இன்னொன்று, பிட்ரேட் போதாமல் நடக்கும் சுருக்கம். மேலோட்டமாகப் பார்த்தால் ஒரே மாதிரிதான் தெரியும், ஆனால் நடத்தை வேறு.

சுருக்கத்தால் வரும் குழைவு நேரத்தைப் பொறுத்தது. கேமரா நகரும்போது விவரம் காணாமல் போகும், நின்றால் திரும்பி வரும். ஷாட் மாறிய முதல் சில ஃப்ரேம்களில் பெயின்ட் போல இருக்கும், பிறகு புல் முளைத்தது போலத் தெளியும். அடுத்த கீஃப்ரேம் (முழுசாகப் பதிவாகும் ஃப்ரேம்) வரும்போது ஒரு சின்னத் துடிப்பு. கேமராவின் சொந்தக் கோப்பில் கீஃப்ரேம் ஏறக்குறைய அரை வினாடிக்கு ஒன்று. யூடியூபில் சில வினாடிகளுக்கு ஒன்று. துடிப்பின் இடைவெளியை எண்ணினாலே யார் செய்த வேலை என்று தெரிந்துவிடும்.

நாய்ஸ் ரிடக்‌ஷனால் வரும் குழைவு இடத்தைப் பொறுத்தது. கேமரா அசையாமல் ட்ரைபாட்டில் நின்றாலும் விவரம் திரும்பாது. காரணம், அந்த வடிகட்டிக்குப் புல்லும் நாய்ஸும் ஒன்றுதான்: இரண்டுமே சின்னதாக, குறைந்த கான்ட்ராஸ்ட்டில், ஒழுங்கில்லாமல் இருப்பவை. எனவே வெயிலில் இருக்கும் புல் தப்பித்துவிடும், மர நிழலுக்குள் இருக்கும் புல் மொழுக்கென்று ஆகிவிடும். இரண்டும் சந்திக்கும் எல்லைக்கோட்டைப் பாருங்கள். ஒரே ஃப்ரேமில், ஒரே தூரத்தில், ஒரே புல். வெயில் பக்கம் கத்திபோல் இதழ்கள், நிழல் பக்கம் வெறும் பச்சை என்றால் கேமராதான்.

முகத்தில் இதே சோதனைக்குக் காதோரத்து முடி உதவும். பிரகாசமான பின்னணியில் தனியாக நிற்கும் முடி எல்லா கேமராவிலும் தெரியும், அதை நம்ப வேண்டாம். தலைமுடி கன்னத்தோடு சேரும் இடத்தில், முடிக்கும் தோலுக்கும் நிற வித்தியாசம் குறைவாக இருக்கும் இடத்தில் இழைகள் பிரிகின்றனவா? அங்கே மெழுகு போல வழுக்கினால், உட்புறக் காட்சிகளில் அந்த கேமரா இன்னும் மோசமாகத்தான் செய்யும்.

#5 முக்காலி

பார்த்துவிட்டேன். 'அ'வில் யாடிஃப் 2எக்ஸ் போட்டதும் சீப்பு போய்விட்டது. கலர் பிக்கர் 16 காட்டியது. டிரைவரில் ரேஞ்சை மாற்றியதும் கறுப்பு கறுப்பாகிவிட்டது. 22 மெகாபிட் சராசரி, எக்ஸ்264 என்ற பேச்சே இல்லை. 'ஆ'வில் ஷாட் மாறியதும் பெயின்ட், ஒரு வினாடிக்குள் புல் தெளிகிறது. நிழலுக்குள் இருக்கும் புல்லும் கூடவே தெளிகிறது. அப்படியானால் யூடியூப்தான். இனி 'ஆ'வை வைத்து எதுவுமே சொல்ல முடியாதா?

#6 ஒற்றைஃப்ரேம்

கூர்மையையும் நாய்ஸையும் சொல்ல முடியாது. மற்றதில் நிறையச் சொல்லலாம். ஆட்டோஃபோகஸ் தடுமாறுகிறதா, எக்ஸ்போஷர் படிப்படியாகத் தாவுகிறதா, பேன் பண்ணும்போது விளக்குக் கம்பங்கள் சாய்கின்றனவா, நடந்துகொண்டே எடுக்கும்போது ஸ்டெபிலைசர் எப்படிப் பிடிக்கிறது, எரிந்த ஹைலைட்டைச் சுற்றி வெண்சமன் சொன்ன மஞ்சள் வளையம் வருகிறதா: இவையெல்லாம் சுருக்கத்தில் அழியாதவை. பிளேயரில் 4கே தரத்தைத் தேர்ந்தெடுத்தே பாருங்கள், உங்கள் மானிட்டர் 1080 என்றாலும் சரி. 4கே பதிவேற்றத்துக்கு யூடியூப் விபி9 போன்ற கோடெக்கையும் (சுருக்கும் முறையையும்) தாராளமான பிட்ரேட்டையும் தருகிறது. அதே வீடியோவின் 1080 வடிவம் அதைவிட நன்றாகவே இளைத்திருக்கும்.

ஒப்பீட்டுக்கு இன்னொரு நியாயமும் வேண்டும். 'அ' 1080, 'ஆ' 4கே. இரண்டையும் 100 சதவீதப் பெரிதாக்கலில் வைத்தால் 4கேயின் பிக்சல்கள் பாவம் போலத் தெரியும், நாய்ஸும் கூடும். இரண்டையும் ஒரே உயரத்துக்குக் கொண்டுவந்து பாருங்கள். 4கேயை 1080-க்குக் குறைக்கும்போது நாலு பிக்சல் ஒன்றாகிறது. நாய்ஸ் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் இருந்தால் பாதியாகும். 4:2:0 பதிவு முறையில் நாலு பிக்சலுக்கு ஒன்று என்றிருந்த நிறத் தகவல் பிக்சலுக்கு ஒன்று என்று முழுசாகிவிடும். 4கே கேம்கார்டரை 1080-இல் மட்டுமே பார்ப்பவருக்கும் அது லாபம் தருவது இதனால்தான்.

#7 கண்ணாடிவில்லை

எல்லோரும் சென்சாரையும் கோப்பையும் பற்றியே பேசுகிறோம். வீட்டு உபயோக கேம்கார்டரில் முதலில் தோற்பது பெரும்பாலும் லென்ஸ்தான். 20 மடங்கு ஜூமை உள்ளங்கைக்குள் அடக்கியிருக்கிறார்கள். எங்கேயாவது விட்டுக்கொடுத்தே ஆக வேண்டும்.

மாதிரி கிளிப் எடுப்பவர்கள் விரும்பி எடுப்பது பூவின் குளோஸ்அப். நடுவில் ஒரு பொருள், பின்னணி மங்கல், நல்ல வெளிச்சம். எந்த கேமராவும் இதில் தேறிவிடும். அந்த ஷாட்டைத் தாண்டிப் போங்கள். வைட் முனையில் (ஜூம் இல்லாமல்), தூரத்து மரங்களும் கட்டடங்களும் ஃப்ரேமின் நாலு மூலை வரை நிறைந்திருக்கும் ஷாட்டைத் தேடுங்கள். நடுவில் இருக்கும் ஜன்னல் கம்பியையும் மூலையில் இருக்கும் ஜன்னல் கம்பியையும் ஒப்பிடுங்கள். நாலு மூலையும் ஒரே அளவு மங்கினால் அது அந்த லென்ஸின் வடிவமைப்பு. இடப்பக்கம் கூர்மை, வலப்பக்கம் குழைவு என்றால் அந்த ஒரு யூனிட்டில் கண்ணாடி சற்றே சாய்ந்து உட்கார்ந்திருக்கிறது. அது மாடலின் குறையாகாது, உங்கள் கைக்கு வரும் யூனிட் வேறு மாதிரி இருக்கலாம்.

அடுத்தது டெலி முனை. வைட்டில் லென்ஸ் திறப்பு எஃப்/1.8 என்று பெருமையாக எழுதியிருப்பார்கள். முழு ஜூமில் எஃப்/3.6 ஆகிவிட்டால் சென்சாருக்கு வரும் ஒளி நாலில் ஒரு பங்கு. அதை ஈடுகட்ட 12 டெசிபல் கெயின் (மின்னணுப் பெருக்கம்) வேண்டும். மாலை வெளிச்சத்தில் ஒருவர் வைட்டிலிருந்து டெலிக்கு வெட்டாமல் ஜூம் செய்த ஷாட் கிடைத்தால் அது பொக்கிஷம். ஜூம் ஏற ஏற நிழல்களில் நாய்ஸ் கொதிக்க ஆரம்பிக்கும் இடம் தெளிவாகத் தெரியும்.

நடுப்பகல் வெயிலிலும் ஒரு பொறி இருக்கிறது. 1/2.3 அங்குல ரகச் சென்சாரின் அகலம் சுமார் 6.2 மில்லிமீட்டர். அதை 3840-ஆல் வகுத்தால் ஒரு பிக்சல் 1.6 மைக்ரான். சின்னத் துளை வழியே வரும் ஒளி பரவுவதால் ஒரு புள்ளி வட்டாகிவிடும், அதுதான் டிஃப்ராக்‌ஷன். பச்சை ஒளிக்கு எஃப்/4-இல் டிஃப்ராக்‌ஷன் வட்டின் விட்டம் 5.4 மைக்ரான்: மூன்று பிக்சலுக்கு மேல். எஃப்/8 என்றால் ஆறு, ஏழு பிக்சல். அதாவது வெயில் ஏறி ஐரிஸ் (லென்ஸின் துளை) மூடினால் 4கே என்பது பெயரளவில்தான். உள்ளே என்டி ஃபில்டர் (ஒளியைக் குறைக்கும் கண்ணாடி) வைத்திருக்கும் மாடல்கள் ஐரிஸை அதிகம் மூடாமல் தப்பிக்கின்றன. 1 அங்குல ரகச் சென்சாரில் (2014-இல் வந்த சோனி ஏஎக்ஸ்100 மாதிரி) அகலம் 13.2 மில்லிமீட்டர், பிக்சல் 3.4 மைக்ரான்; அதே எஃப்/4 ஒன்றரைப் பிக்சலைத்தான் மூடுகிறது. எனவே 'வெயிலில் எடுத்ததே இவ்வளவு சாஃப்ட், இருட்டில் எப்படி இருக்கும்' என்ற கணக்கு சரிவராது. மேகமூட்ட நாளில் ஐரிஸ் திறந்திருக்கும்போது அதே கேமரா இன்னும் கூர்மையாக எடுக்கலாம்.

#8 முக்காலி

'அ'வில் வானத்தை ஒட்டிய கட்டட விளிம்பில் ஒரு மெல்லிய வெள்ளைக் கோடு ஓடுகிறது. மரக்கிளைகளின் ஓரத்தில் ஊதா நிறம். இரண்டும் லென்ஸா?

#9 கண்ணாடிவில்லை

ஊதா லென்ஸுடையது. ஃப்ரேமின் நடுவில் குறைந்து, மூலைக்குப் போகப் போகக் கூடினால் லேட்டரல் வகை நிறப்பிரிவு. அது ஆரத்தின் திசையில் மட்டும் பிரியும், மையத்தை நோக்கிய பக்கம் ஒரு நிறம், வெளிப்பக்கம் அதற்கு எதிர் நிறம். மென்பொருளால் பெருமளவு சரிசெய்யலாம். நடுவிலும் அதே அளவு ஊதா, எல்லாப் பக்கமும் சுற்றிப் படர்ந்திருந்தால் லென்ஸ் முழுவதுமாகத் திறந்திருக்கும்போது வரும் வகை. ஐரிஸ் கொஞ்சம் மூடினால் குறையும்.

வெள்ளைக் கோடு லென்ஸுடையதல்ல. அது கேமரா செய்யும் செயற்கைக் கூர்மை. அகலம் மாறாமல் ஃப்ரேம் முழுவதும் ஒரே மாதிரி ஓடும், நிறம் இருக்காது. இதுதான் அடையாளம்.

#10 வெண்சமன்

அந்த வெள்ளைக் கோட்டை நான் பெரிய குறையாகவே எடுத்துக்கொள்வேன். பளிச்சென்று தெரிய வேண்டும் என்பதற்காக விளிம்புகளுக்கு வரம்பு கட்டுகிறார்கள். முதல் பார்வையில் 'என்ன கூர்மை' என்று தோன்றும். ஆனால் விளிம்புக் கோடு விவரம் ஆகாது. கட்டடத்தின் ஓரம் கூர்மையாக இருந்து, சுவரின் சொரசொரப்பு தெரியவில்லை என்றால் அங்கே உண்மையான ரெசல்யூஷன் இல்லை. பதிவான கோட்டைப் பிறகு அழிக்கவும் முடியாது. குழைவாக எடுத்த படத்தை எடிட்டிங்கில் கூர்மையாக்கலாம். வரம்பு கட்டிய படத்தை மீட்க வழியில்லை.

#11 ஒற்றைஃப்ரேம்

இதில் எனக்கு உடன்பாடில்லை. எடிட் செய்யாமல் அப்படியே டிவியில் போட்டுப் பார்ப்பவர்தான் இந்த ரக கேமராவை வாங்குகிறார். மூன்று மீட்டர் தள்ளி உட்கார்ந்தால் ஒரு பிக்சல் அகலக் கோடு கண்ணுக்கே தெரியாது, படம் தெளிவாகத்தான் தோன்றும். கோட்டின் அகலத்தை எண்ணுங்கள். 1080-இல் ஒன்று, ஒன்றரைப் பிக்சல் என்றால் பொறுத்துக்கொள்ளலாம். மூன்று பிக்சல் அகலத்தில் ஒளிவட்டம் போலச் சுற்றினால் மட்டும்தான் நிராகரிப்பேன். மெனுவில் ஷார்ப்னஸைக் குறைக்கும் வசதி இருக்கிறதா என்றும் கையேட்டில் பாருங்கள். இருந்தால் இந்த வாதமே தேவையில்லை.

#12 நிழல்பக்கம்

இருட்டுக்கு யாரும் வரவில்லை. நடுப்பகல் வெயில் சுமார் ஒரு லட்சம் லக்ஸ். மாலையில் விளக்குப் போட்ட வீட்டு அறை 100 லக்ஸைச் சுற்றித்தான் இருக்கும். பத்து ஸ்டாப் (ஒவ்வொன்றும் இரண்டு மடங்கு) வித்தியாசம். கேமராக்களின் சாயம் வெளுக்கும் இடம் அதுதான், தயாரிப்பாளர்கள் தரும் மாதிரி வீடியோவில் அபூர்வமாகக் காணப்படுவதும் அதுதான்.

அறைக்குள் எடுத்த கிளிப் கிடைத்தால் நிறுத்தி வைத்துப் பார்க்காதீர்கள், ஓட விடுங்கள். நாய்ஸ் என்பது அசைவு. நிறுத்திய ஃப்ரேமில் மணல் போல அழகாகத் தெரிவது, ஓடும்போது சுவர் முழுக்க எறும்பு ஊர்வது போலத் தொந்தரவு தரும். அதற்கு எதிர்மாறும் நடக்கும்: சுவர் சுத்தமாக இருக்கிறதே என்று மகிழ வேண்டாம், அந்தச் சுவரைக் கடந்து நடக்கும் ஆளைப் பாருங்கள். பல ஃப்ரேம்களைச் சேர்த்துச் சராசரி எடுத்து நாய்ஸைக் குறைக்கும் கேமராவில், நடப்பவரின் சட்டைக்குப் பின்னால் ஒரு மெல்லிய வால் இழுபடும். அவர் கடந்துபோன உடனே, அவர் மறைத்திருந்த சுவர்ப்பகுதியில் மட்டும் சில ஃப்ரேம்களுக்கு நாய்ஸ் கொதித்து அடங்கும். அந்தத் திட்டில் தெரிவதுதான் அந்தச் சென்சாரின் அசல் முகம்.

அடுத்து, இருட்டில் படம் வெளிச்சமாக இருப்பதாலேயே நல்ல கேமரா என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஆட்டோ ஸ்லோ ஷட்டர் என்று ஒரு வசதி இருக்கிறது. 1/50-இல் இருக்க வேண்டிய ஷட்டரை 1/25-க்கு இறக்கிவிடும். ஒளி இரட்டிப்பு, ஆனால் அசையும் எல்லாமே குழைந்துபோகும்.

#13 ஒற்றைஃப்ரேம்

அதைக் கிளிப்பிலிருந்தே கண்டுபிடிக்கலாம். விஎல்சியில் இ விசை ஒவ்வொரு ஃப்ரேமாக நகர்த்தும். எம்பிவி பிளேயரில் முற்றுப்புள்ளி விசை முன்னால், காற்புள்ளி விசை பின்னால்.

50பி கோப்பு என்றால் எளிது. நடக்கும் ஆளைப் பிடித்து ஒவ்வொரு ஃப்ரேமாக நகர்த்துங்கள். இரண்டிரண்டு ஃப்ரேம் ஒரே மாதிரி வந்து, மூன்றாவதில்தான் ஆள் நகர்ந்தால், கேமரா வினாடிக்கு 25 படம்தான் எடுத்திருக்கிறது. ஷட்டர் 1/25-க்கு இறங்கிவிட்டது. 50ஐ-யில் யாடிஃப் 2எக்ஸ் போட்டுவிட்டு இதையே செய்யலாம்.

25பி-யில் ஃப்ரேம் இரட்டிக்காது, அதனால் வேறு வழி. கேமரா அசையாத ஷாட்டில் நகரும் ஒரு புள்ளி விளக்கைப் பிடியுங்கள், சைக்கிள் விளக்கோ வண்டி முகப்பு விளக்கோ. ஒவ்வொரு ஃப்ரேமிலும் அது ஒரு சின்னக் கோடாகப் பதிந்திருக்கும். ஒரு ஃப்ரேமில் கோடு முடியும் இடத்தையும் அடுத்த ஃப்ரேமில் தொடங்கும் இடத்தையும் குறியுங்கள். நடுவில் கோட்டின் நீளத்துக்குச் சமமான இடைவெளி இருந்தால் ஷட்டர் 1/50. இடைவெளியே இல்லாமல் ஒன்று முடிந்த இடத்தில் அடுத்தது தொடங்கினால் 1/25. இடைவெளி கோட்டைவிட மூன்று மடங்கு நீளம் என்றால் 1/100. இது யூடியூப் கோப்பிலும் வேலை செய்யும்.

#14 கண்ணாடிவில்லை

இரவு ஷாட்டில் ஸ்டெபிலைசரையும் இதே முறையில் பார்த்துவிடலாம். ஃப்ரேம் ஆடாமல் நிற்கிறது, ஆனால் நிற்கும் விளக்குகள் ஒவ்வொரு ஃப்ரேமிலும் வெவ்வேறு திசையில் கீற்றாக நீண்டு நீண்டு சுருங்குகின்றனவா? அப்படியானால் அது எலெக்ட்ரானிக் வகை. ஷட்டர் திறந்திருந்தபோது கை ஆடியது படத்தில் பதிந்துவிட்டது. பிறகு ஃப்ரேமை மட்டும் நகர்த்திச் சரிசெய்திருக்கிறது. ஆட்டம் போய்விட்டது, குழைவு போகவில்லை. ஆப்டிகல் வகையில் ஷட்டர் திறந்திருக்கும்போதே லென்ஸ் ஈடுகட்டுவதால் விளக்குகள் புள்ளியாகவே நிற்கும். சிறப்பு ஸ்டெபிலைசர் மோடுகள் பலவற்றில் இரண்டும் சேர்ந்தே வேலை செய்யும், அதனால் கீற்று குறைவாக இருந்தாலும் ஓரங்கள் வெட்டுப்பட்டிருக்கலாம். பெட்டியில் எழுதியிருக்கும் வைட் கோணம் அந்த மோடில் கிடைக்காது.

#15 வெண்சமன்

உட்புறக் கிளிப்பில் மேலிருந்து கீழே மெல்ல ஓடும் கறுப்புப் பட்டைகள் தெரிந்தாலும் கேமராவைக் குறை சொல்ல வேண்டாம். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் பல விளக்குகள் வினாடிக்கு 100 முறை துடிக்கும். அங்கே 1/60 ஷட்டரில் எடுத்தால் பட்டை வரும். 1/50 அல்லது 1/100 வைத்தால் நின்றுவிடும். 60 ஹெர்ட்ஸ் இடங்களில் 1/60, 1/120. மட்டமான எல்இடி விளக்குகள் சில இந்தக் கணக்குக்கும் அடங்காது.

#16 முக்காலி

'அ'வின் அறைக்காட்சியில் யாடிஃப் 2எக்ஸோடு ஒவ்வொரு ஃப்ரேமாகப் பார்த்தேன். ஃப்ரேம் இரட்டிக்கவில்லை, ஷட்டர் 1/50-இலேயே இருக்கிறது. நாய்ஸ் தெரிகிறது, ஆனால் நடப்பவருக்குப் பின்னால் வால் இல்லை. 'ஆ'வின் இரவுக் காட்சியில் வண்டி விளக்கின் கோடுகள் இடைவெளியே இல்லாமல் தொடுகின்றன. இதுவரை 'ஆ' இருட்டில் வெளிச்சமாக எடுக்கிறது என்று நினைத்திருந்தேன், அது ஷட்டர் கொடுத்த வெளிச்சம்.

கடைசியாக ஒன்று. 'அ'வில் சிவப்புத் துணியின் விளிம்பு மட்டும் படிக்கட்டு போலப் பிசிறடிக்கிறது. பக்கத்திலேயே வெள்ளைத் துணி வழுவழுப்பாக இருக்கிறது. டீஇன்டர்லேஸ் ஆனில்தான் இருக்கிறது.

#17 ஒற்றைஃப்ரேம்

முதலில் பிளேயரில் சாச்சுரேஷனைப் பூஜ்யத்துக்கு இறக்கிப் பாருங்கள். கறுப்பு வெள்ளையில் விளிம்பு வழுவழுப்பாகிவிட்டால் பிசிறு நிறத் தகவலில் இருக்கிறது, ஒளித் தகவல் நன்றாக இருக்கிறது. 1080 படத்தில் 4:2:0 நிறத்துக்குக் கிடைப்பது 960×540. இன்டர்லேஸில் அதையும் இரண்டு ஃபீல்டாகப் பிரித்தால் ஒவ்வொன்றுக்கும் 270 வரிதான். வெள்ளைத் துணியின் விளிம்பை ஒளித் தகவல் முழு அளவில் வரைந்துவிடுகிறது. சிவப்புக்கு ஒளி அளவு குறைவு. பின்னணியும் இருட்டாக இருந்தால் விளிம்பை வரையும் பொறுப்பு முழுக்க நிறத்தின் தலையில் விழுகிறது. அதனால்தான் சிவப்பு மட்டும் மாட்டிக்கொள்கிறது.

அது அந்த ஃபார்மட்டின் எல்லையா, பிளேயரின் தவறா என்று பிரிக்க, துணி துளியும் அசையாத இடத்தில் நிறுத்துங்கள். அங்கேயும் இரண்டு வரிக்கு ஒருமுறை சீராகப் பல் விட்டால், பிளேயர் இன்டர்லேஸ் நிறத்தை ப்ரோக்ரெசிவ் (ஃபீல்டாகப் பிரிக்காதது) என்று நினைத்து விரிக்கிறது. ஹார்ட்வேர் டிகோடிங்கை அணைத்து ஒரு முறை, வேறு பிளேயரில் ஒரு முறை பாருங்கள்.

#18 முக்காலி

சாச்சுரேஷன் பூஜ்யத்தில் விளிம்பு வழுவழுப்பு. ஹார்ட்வேர் டிகோடிங்கை அணைத்ததும், அசையாத துணியில் பல் மறைந்துவிட்டது. துணி ஆடும்போது மட்டும் லேசாக மிச்சம் இருக்கிறது. 'ஆ'வின் அசல் கோப்பைக் கேட்டு, பதிவேற்றியவருக்கு எழுதியிருக்கிறேன். அறைக்குள் வைட்டில் ஒன்று, அதே இடத்திலிருந்து வெட்டாமல் முழு ஜூம் வரை ஒன்று, ஸ்லோ ஷட்டரை அணைத்து எடுத்துத் தரச் சொல்லியிருக்கிறேன்.

#19 நிழல்பக்கம்

யாரையாவது சுவருக்கு முன்னால் குறுக்கே நடக்கச் சொல்லவும் எழுதுங்கள். கேமரா ட்ரைபாட்டில் இருக்கட்டும். கோப்பைச் செயலி வழியாக அனுப்பினால் மறுபடி சுருங்கும், கார்டில் இருக்கும் கோப்பையே பதிவேற்றி இணைப்புத் தரச் சொல்லுங்கள். பத்து வினாடி போதும். 100 மெகாபிட்டில் அது 125 மெகாபைட்தான்.